தலைமடைக்கு ஐந்து, கடைமடைக்கு ஐந்து

மேட்டூரை மூடிய மறுநாள்
செங்குட்டுவன் சாப்பாட்டு மேசையில்
தீவின் வரைபடத்தை விரித்தார்.
ஜெராக்ஸ் கடைக்காரர் அல்லவா,
ஏ-த்ரீ தாளில், கலரில்.

நடுவில் எரிமலை.
கிழக்கே இன்னொன்று, சின்னது, தூங்குகிறதாம்.
"பத்து நாள், பதினேழு இடம்" என்றார்.
இடத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளி.
அம்மை போட்ட பிள்ளை மாதிரி
கிடந்தது தீவு.

நான் நீர்வளத் துறையில் உதவிப் பொறியாளர்.
திருத்துறைப்பூண்டிக்குக் கீழே
இருபத்திரண்டு மதகுகளும்
அவற்றை நம்பிய வயல்களும்
என் கைப்பேசியில் குடியிருக்கின்றன.
ஜூனில் இரவு பதினொன்றுக்கு அடிக்கும்:
"மேடம், எங்க பக்கம் தண்ணி ஏறவே இல்ல."
ஐப்பசியில் அதே குரல்:
"மேடம், தண்ணி வடியவே இல்ல."

ரப்பரை எடுத்தேன்.
எல்லா வாய்க்காலையும் ஒரே நாளில் திறந்தால்
ஒன்றுக்கும் எட்டாது, குட்டுவன்.
முறை வைத்துத்தான் விட வேண்டும்.
மலைக்கு ஐந்து நாள், கடலுக்கு ஐந்து நாள்,
நடுவில் ஒரே ஒருமுறை பெட்டி கட்டுவோம்.

"அஞ்சு நாள் மலைல என்ன பண்ணுவ?"
"ஒண்ணும் பண்ண மாட்டேன்."
அதையும் எழுதிக்கொண்டார்.
நாள் ஒன்று: ஒன்றுமில்லை.
நாள் இரண்டு: மேற்படி.

பக்கத்து சீட் தையல்நாயகி கேட்டாள்,
கடல் இங்கேயே இருக்கிறதே,
பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்.
இருக்கிறது.
அதன் வாயில்தான் என் கடைசி மதகும் நிற்கிறது.
உப்புத்தண்ணீர் மேலேறிவிட்டதா என்று
குனிந்து நாக்கில் வைத்துப் பார்த்துத்தான்
எனக்கு அந்தக் கடலைத் தெரியும்.

எங்கள் மண்ணில் கல் கிடையாது.
கடைக்கால் தோண்டினால் வண்டல்,
அதன் கீழே வண்டல்,
பன்னிரண்டு அடியில் ஒரு நத்தைக் கூடு.
ஜல்லி புதுக்கோட்டையிலிருந்து லாரியில் வரும்.
யார் யாருடைய மலையையோ கரைத்து
ஆறு கொண்டுவந்து கொட்டியதன் மேல்
வீடு கட்டி, வரி கட்டி இருக்கிறோம்.
அங்கே பூமி தானே கக்கி, தானே ஆறி
ஊராகியிருக்கிறது.
மணல்கூடக் கறுப்பாம்.
மத்தியானம் கால் வைக்க முடியாது,
சாயங்காலம் நிற்கலாம் என்று போட்டிருந்தது.
செருப்பில்லாமல் நிற்க வேண்டும்.
என் திட்டம் மொத்தமும் அவ்வளவுதான்.

"எரிமலை இப்ப ரெண்டாம் படியில இருக்காம்."
"அப்படின்னா?"
"கொள்ளிடத்துல முதல் எச்சரிக்கை விடுவாங்களே, அது மாதிரி."
அப்படியென்றால் பரவாயில்லை.
அதற்கெல்லாம் நாங்கள்
தரையிலிருக்கும் அரிசி மூட்டையைக்கூட நகர்த்துவதில்லை.

மலை விடுதியின் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தார்.
கட்டில், கொசுவலை, பப்பாளிப் பழம்.
ஏழாவது படத்தில்
படிப்படியாய் இறங்கும் நெல்வயல்.
"நிறுத்துங்க."
பெரிதாக்கினேன்.
வரப்பின் வாயில் ஒரு தென்னந்துண்டு,
அதில் இரண்டு வெட்டு.
ஒன்று நாலு விரல் அகலம், ஒன்று இரண்டு விரல்.
தண்ணீர் தன் பங்கைத் தானே பிரித்துக்கொண்டு
இரண்டு வயலுக்கும் போகிறது.
ஷட்டர் இல்லை, லஸ்கர் இல்லை,
செயற்பொறியாளருக்கு நகல் இல்லை.
இரவு பதினொன்றுக்கு
யார் யாருக்குப் போன் செய்வார்கள் அங்கே?

"அங்க போயும் மதகா?"
மடிக்கணினியை மூடிவிட்டார்.

மலைக்குப் பணம் கட்டியாயிற்று.
கடலோர அறைக்கு ஒருவழியாய்
பேரம் முடிந்தது, காலைச் சாப்பாடு சேர்த்து.
ஈட்டிய விடுப்பு விண்ணப்பத்தில்
காரணம் என்ற இடத்தில்
சொந்த அலுவல் என்று எழுதினேன்.
"நம்பர் ஆன்லதானே இருக்கும்?" என்றார் அதிகாரி.
சிரித்துவைத்தேன்.

நேற்று அவர் தூங்கிய பிறகு
தாளை எடுத்துப் பார்த்தேன்.
பதினேழு புள்ளியும் அழிந்திருந்தது,
சிவப்பு மட்டும் லேசாய்ப் படிந்திருந்தது.
நாள் நான்கு: மேற்படி.
நாள் ஐந்து: மேற்படி, பெட்டி கட்டுதல்.
மூன்றாம் நாளுக்கு நேரே மட்டும்
பென்சிலில், சின்ன எழுத்தில்:
தென்னந்துண்டு. அவள் போவாள்.
நான் தூங்குவேன்.